பின்பலகை அளவு

அந்த ஏரிக்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், துடுப்பக்காவுக்குப் புருஷனுடைய முகத்தைவிட முதுகுதான் நன்றாகத் தெரியும் என்று. கேலிக்குச் சொல்வதுதான், ஆனாலும் பொய்யில்லை. இருபத்தாறு வருஷமாக அவர் படகின் முனையில் குந்தி வலை இழுப்பார். அவள் படகின் பின்முனையில், பின்பலகையை ஒட்டிய குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்து துடுப்புப் போடுவாள். பொழுது விடிந்தால் கண்ணெதிரே அந்த முதுகுதான். தோள் லேசாக ஏறினால் வலையில் கனம் இருக்கிறது. பிடரியைச் சொறிந்தால் யார் மேலோ கோபம். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் படகை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். வாயைத் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் வாயைத் திறப்பார், அதுதான் வேடிக்கை. வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் அந்த மனுஷனிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. ‘ம்’ என்பார், ‘சரி’ என்பார், தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். படகில் ஏறி, முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் வைத்துக்கொண்டு, பின்னால் துடுப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டால் போதும், மடை திறந்த மாதிரி பேசுவார். மகளுக்கு மாப்பிள்ளை முடிவு செய்தது, ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டது, அண்ணன்காரரோடு பேச்சை முறித்துக்கொண்டது எல்லாமே அந்தப் படகில் பேசி முடித்தவை. தாயார் போய்ச் சேர்ந்து ஒரு மாசம் கழித்து அவர் அழுததும் அங்கேதான். முதுகு குலுங்கியது. அவள் ஒன்றும் கேட்காமல் துடுப்பை மெதுவாகப் போட்டாள்.

அது ஊருக்குக் குடிதண்ணீர் போகிற ஏரி. எண்ணெயில் ஓடும் இன்ஜின் எதையும் உள்ளே விடக் கூடாது என்று கரையில் போர்டு வைத்திருந்தார்கள். ஆக, பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போட யாருக்கு ஆள் இருக்கிறதோ அவருக்குத்தான் மீன். சும்மா தள்ளிக்கொண்டு போவது மட்டும் வேலையில்லை. வலை இழுக்கும்போது காற்று படகை வலை மேலேயே கொண்டுபோய்ப் போடும். அதை இந்தண்டையும் அந்தண்டையும் விடாமல் ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். அதில் துடுப்பக்காவை அடித்துக்கொள்ள அந்தக் கரையில் ஆள் கிடையாது. அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் வலது தோள் பழுதாகிப்போனது. ஒரு வருஷமாகவே வலி இருந்தது. தைலம் தேய்த்தாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், யாரிடமும் சொல்லவில்லை. மழை முடிந்த கையோடு ஒரு நாள், ஏரி நடுவில் எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டார்கள். கை தூக்க வரவில்லை. இடது கையால் துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டுக் கரை சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வரவில்லை என்றுதான் நினைத்தாள். முன்னால் இருந்த முதுகு அசையவில்லை. ‘இந்த மனுஷன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாரா’ என்ற ஆற்றாமை, வலியைவிட அதிகமாக அவள் மனசில் தங்கிவிட்டது.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் துடுப்பைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். தினமும் விரல்களைச் சுவரில் நண்டு மாதிரி மேலே ஏற்ற வேண்டும், எட்டின இடத்தில் கோடு போட வேண்டும், மறுநாள் அதைத் தாண்ட வேண்டும். அடுப்படிச் சுவரில் பென்சில் கோடுகள் ஏற ஆரம்பித்தன. முதல் கோடு அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஒரு மாசம் கழித்து மார்பளவு வந்தது. அதற்கப்புறம் அங்கேயே அடம்பிடித்து நின்றது.

துடுப்புக்கு, கரையில் மீனுக்கு ஐஸ் கொண்டுவரும் ஐஸ்காரரின் மச்சானைக் கூட்டிப் போனார் அவர். அந்த ஆள் பதினோரு நாள் வந்தார். வாய்க்கு ஓய்வே கிடையாது, கைக்குத்தான் ஓய்வு. இரண்டு தடவை படகு வலை மேலேறிக் கிழித்தது. பன்னிரண்டாம் நாள் அவராகவே காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு அடுத்த வாரம்தான், பேட்டரி மோட்டார் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஏரி அலுவலகத்தில் அனுமதி கொடுத்தார்கள்.

அப்புறம் வீட்டில் மோட்டாரைத் தவிர வேறு பேச்சே இல்லை. வெளியூரில் இருந்த மகள் தினமும் சாயங்காலம் போன் போட்டாள். மாப்பிள்ளை வீடியோ வீடியோவாக அனுப்பினார். ஒரு பேட்டரியா இரண்டு பேட்டரியா, முன்னால் மாட்டுவதா பின்னால் மாட்டுவதா, எவ்வளவு பாரம் தள்ளும், பாசியில் சிக்கினால் என்ன ஆகும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஐஸ்காரர் இவர்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, “பொண்ணு பாக்கப் போனப்போகூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க அண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் இரண்டில் வந்து நின்றது. இரண்டும் பின்பலகையில் மாட்டுவதுதான். ஒன்றில் கைப்பிடி இருக்கும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து பிடித்துத் திருப்ப வேண்டும். இன்னொன்று ரிமோட், முன்னால் இருந்தபடியே பொத்தானை அழுத்தினால் அது தானாகத் திரும்பும், ஓடும், நிற்கும். மாப்பிள்ளை ரிமோட்டுக்குத்தான் ஓட்டுப் போட்டார். மகள் அதற்கும் மேலே போனாள்.

“ரிமோட்டே வாங்கச் சொல்லும்மா. அப்பா தனியாவே போயிட்டு வந்துடுவார். நீ பாட்டுக்கு வீட்ல கால நீட்டி உட்காரு. இத்தனை வருஷம் உழைச்சது போதாதா?”

துடுப்பக்கா சுவரில் விரலை ஏற்றிக்கொண்டே கேட்டாள். பாசமாகத்தான் சொல்கிறாள், பெற்ற மகள். ஆனாலும் காலை நீட்டி உட்கார்ந்து எதைப் பார்ப்பது? அடுப்படிச் சுவரையா? அந்த மனுஷன் தனியாகப் போய் யாரிடம் பேசுவார்? அவளிடம் இனிமேல் யார் பேசுவார்கள்? இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.  போனை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். ‘நீ என்ன சொல்றே’ என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தாள். அவர், “ரிமோட்டுதான் சரி” என்றார். கை கழுவ எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவர், “கரைக்கு வா” என்று கூப்பிட்டார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு மாசத்துக்கப்புறம் கூப்பிடுகிறார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாட்டிலில் டீயைக்கூட ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். படகு தண்ணீரில் நின்றது. வலைக் கட்டு, மீன் பெட்டி, புது பேட்டரிக்குப் பதிலாக அதே எடைக்கு ஒரு கருங்கல், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. முனையில் அவர் உட்காரும் இடத்தில், அவர் எடைக்கு ஈடாக, ஐஸ்காரருடைய பெட்டி நிறைய ஐஸ். அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, “உன் இடத்துல போய் உட்காரு” என்றார்.

உட்கார்ந்தாள். அவர் பின்பலகையின் மேல் விளிம்பில் டேப்பை வைத்து, தண்ணீர் மட்டம் வரைக்கும் இழுத்து, காதில் சொருகியிருந்த பென்சிலால் பலகையில் கோடு போட்டார். மூன்று தரம் அளந்தார். ஒன்பது அங்குலம். விசிறி தண்ணீருக்குள் முங்க மோட்டாரின் தண்டு எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்குக் கடைக்காரர் அளவு கேட்டிருந்தாராம். வழக்கமாக இருக்கும் பாரத்தோடு அளக்கச் சொன்னாராம்.

“அவ்வளவுதான். இறங்கு.”

அவ்வளவுதானா என்று அவள் கேட்கவில்லை. இறங்கி, டீ பாட்டிலை ஐஸ்காரரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழி நெடுக ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ‘கடைசியில் என்னை எடைக்கல்லு ஆக்கிட்டார்’ என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

மோட்டார் வந்தது. கறுப்பாக, வழுவழுவென்று, நுனியில் இரண்டு இறக்கையுள்ள விசிறியோடு பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒன்பது அங்குலத்துக்கு நீளம் குறைந்த கட்டைத் தண்டே போதும் என்று கடைக்காரர் அதைக் கொடுத்திருந்தார். அவள் புருஷன் ரிமோட்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியாகப் புறப்பட்டார். அவள் வாசலில் நின்று பார்க்கவில்லை. சோற்றை வடித்தாள், துணியைத் துவைத்தாள், துவைத்ததையே மறுபடியும் அலசினாள். எட்டு மணிக்கெல்லாம் வேலை தீர்ந்துவிட்டது. பத்து மணி ஆகியும் ஆளைக் காணோம். பதினொன்றரைக்குத் தலையோடு கால் நனைந்து வந்து சேர்ந்தார். பெட்டியின் அடியில் மட்டும்தான் மீன் இருந்தது.

என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. ஐஸ்காரர்தான் சொன்னார். போகும்போது நடுவில் உட்கார்ந்திருந்ததால் ஒன்றுமில்லையாம். முனையில் குந்தி ஈர வலையை இழுக்க ஆரம்பித்ததும், பின்பக்கம் எழும்பிவிட்டதாம். விசிறி பாதி தண்ணீருக்கு மேலே வந்து, சின்ன அலைக்கெல்லாம் காற்றைக் கடைந்து கத்தியதே ஒழிய படகு நகரவில்லை. வலையோடு சேர்ந்து காற்றுப் போன திசையெல்லாம் போயிருக்கிறார். கடைசியில் தண்ணீரில் குதித்து இழுத்துக்கொண்டு வந்தாராம்.

“நீச்சல்லயா?” என்றாள். 

“கழுத்தளவுதான் அக்கா. ஆனா அண்ணனுக்கு வயசு என்ன இருபதா? நான்தான் சொன்னேன், பின்னாடி பாரம் வைங்க, சரியாப் போயிடும்னு. நாளைக்கு ரெண்டு மணல் மூட்டை போட்டுப் பாக்கறோம்.”

மறுநாள் அவள் மனசு கேட்காமல் கரைக்குப் போனாள். படகு புறப்படத் தயாராக நின்றது. அவள் உட்காரும் சட்டத்தில், இரண்டு மணல் மூட்டை, ஒன்றின் மேல் ஒன்றாக, கயிற்றால் கட்டி. அவ்வளவுதான், அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

“நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு. அது கேள்வி கேக்காது, வலிக்குதுன்னு அழாது. இனிமே அதோடவே பேசிக்கிட்டுப் போங்க.”

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் அவளைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்தார். மூட்டைகளைக் கரையில் இறக்கி வைத்தார். மோட்டாரையும் கழற்றிச் சாக்கில் சுற்றினார்.

“கடைக்குப் போலாம். பத்து நாளுக்குள்ள மாத்திக்கலாம்னு சொல்லியிருக்காங்க. பேட்டரிய ஒரு பக்கம் பிடிக்கணும். நீயும் வா.”

பஸ்ஸில் மோட்டார் இருவருக்கும் நடுவில் நின்றது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடை பெரிய கடைதான். சுவர் முழுக்க மோட்டார்களைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஓட்டிக் காட்டுவதற்கு. கடைக்காரர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. அவள் புருஷன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பழைய ரசீதை எடுத்துப் பார்த்தார். ஒன்பது அங்குலம் என்று எழுதியிருந்தது. தனியாகப் போகும் படகு, ஆள் முனையில் இருப்பார் என்றும் எழுதியிருந்தது. கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“தனியா முன்னாடி உட்கார்ந்தா ஒன்பது வராதே அண்ணே. பதினஞ்சு, பதினாறு வரும். நீங்க அளக்கும்போது பின்னாடி யாராவது இருந்தாங்களா?”

“ஆமா. இவ இருந்தா.”

“தனியாப் போறதுக்குத்தானே மோட்டார் வாங்கினீங்க? அப்புறம் அவங்கள எதுக்கு உட்கார வச்சு அளந்தீங்க?”

அவர் கடைக்காரரை ஒரு மாதிரி பார்த்தார். கேட்கக் கூடாத அசட்டுக் கேள்வியைக் கேட்டுவிட்ட மாதிரி.

“வழக்கமா இருக்கற பாரத்தோட அளங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. பின்னாடி இவ இல்லாம படகை எப்படி அளக்கறது?”

சொல்லிவிட்டுத்தான் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது.  சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, அங்கே தொங்கிய மோட்டார்களை எண்ண ஆரம்பித்தார்.

கரையில் அவர் அளந்தது துடுப்பக்காவின் கண்முன் வந்தது. தனக்குப் பதிலாக ஐஸ் பெட்டியை வைத்தார், பேட்டரிக்குப் பதிலாகக் கல்லை வைத்தார். அவளுக்குப் பதிலாக வைக்க எதையும் தேடவில்லை. தனியாகப் போவதற்கென்றே மோட்டார் வாங்கப் போன மனுஷன், தனியாகப் போகிற படகு எப்படி நிற்கும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அந்தப் படகு அவர் மனசில் அவள் உட்கார்ந்த மட்டத்தில்தான் மிதந்துகொண்டிருந்திருக்கிறது. இத்தனை நாள் கோபம் போன இடம் தெரியவில்லை.

“அளவு தப்பாயிடுச்சு, அவ்வளவுதான்” என்றார் கடைக்காரர். “பரவால்ல, நீளத் தண்டு போட்ட ரிமோட் இருக்கு. மாத்தித் தர்றேன்.”

“அளவு சரிதான் தம்பி” என்றாள் அவள். “மோட்டார்தான் தப்பு.”

கடைக்காரருக்குப் புரியவில்லை.

“கைப்பிடி வச்சது ஒண்ணு இருக்குமே. இதே கட்டைத் தண்டுல. அதைக் காட்டுங்க.”

எடுத்து வந்து தொட்டி ஓரத்தில் மாட்டினார். ஒரு முக்காலியைப் போட்டார். அவள் உட்கார்ந்து, இடது கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தாள். பிடியைத் திருகினால் வேகம், ஒதுக்கினால் திசை. மெல்லத் திருகினாள். தொட்டித் தண்ணீர் சத்தமில்லாமல் சுழன்றது. இந்தப் பக்கம் ஒதுக்கினாள், அந்தப் பக்கம் ஒதுக்கினாள், பின்னுக்கு ஓட்டினாள். தோள் இருந்த இடத்திலேயே இருந்தது. இருபத்தாறு வருஷம் உடம்பு முழுக்கப் போட்டுச் செய்த வேலை இரண்டு விரலில் நடந்தது. ‘அடப்பாவி, இது அன்றைக்கே இருந்திருக்கக் கூடாதா’ என்று மோட்டாரைப் பார்த்துத் திட்ட வேண்டும் போலிருந்தது.

“தோளு...” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே.

“துடுப்பைத் தொடக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. படகுல உட்காரக் கூடாதுன்னு சொல்லல. நீங்க யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க? நான் வேண்டாம்னு உங்ககிட்ட சொன்னேனா?”

 சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த முதுகில் தோள் லேசாக ஏறி இறங்கியது. ‘சரி’ என்று அர்த்தம், அவளுக்குத் தெரியும்.

“இதையே போட்டுக் குடுங்க” என்றார் அவர்.

மகளுக்கு அன்று சாயங்காலம் போனில் சொன்னபோது ஒரு பாட்டம் திட்டினாள். வயசான காலத்தில் இந்த வீம்பு தேவையா என்றாள். துடுப்பக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டு, தோள் தேவலாம், நீ சாப்பிட்டியா என்று கேட்டு முடித்தாள்.

விடியற்காலை ஏரி அசையாமல் கிடந்தது. மோட்டார் பின்பலகையில், பென்சில் கோட்டுக்கு நேர் மேலே. அவர் முனையில் உட்கார்ந்திருந்தார். அவள் ஏறித் தன் சட்டத்தில் உட்கார்ந்ததும், தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டது.  அவள் பிடியைத் திருகினாள். படகு வழுக்கிக்கொண்டு போனது.

கொஞ்ச தூரம் போனதும் அவர் பேசுவார் என்று எதிர்பார்த்தாள். பேசவில்லை. முதல் மிதவை வந்தது. தலையை இடது பக்கம் சாய்த்தார், அவள் திருப்பினாள். வலையை இழுக்க ஆரம்பித்தார். பின்பக்கம் எழும்பவில்லை, விசிறி தண்ணீருக்குள்ளேயே இருந்தது. வாகாகக் காற்றுக்கு எதிரே படகைப் பிடித்துக்கொண்டாள். வலையில் நாலு மீன் மினுங்கிக்கொண்டு வந்தன. அப்போதுதான் அவர், முகத்தைத் தண்ணீரைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஆரம்பித்தார்.

“அன்னைக்கு நீ அழுதது எனக்குக் கேட்டுச்சு.”

அவள் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள்.

“திரும்பிப் பாத்திருந்தா, அங்கேயே துடுப்பை வாங்கித் தூர எறிஞ்சிருப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் எப்படிக் கரைக்கு வர்றது? அதான் திரும்பல. இனிமே இவளை இந்த இடத்துல உட்கார வைக்கக் கூடாதுன்னு அன்னைக்கே நெனச்சிக்கிட்டேன்.”

 பேசினால் குரல் உடைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். மூக்கை உறிஞ்சக்கூட இல்லை, அதுவும் அவருக்குக் கேட்டுவிடும் என்று.

வலை வந்துகொண்டிருந்தது. மோட்டார் ஓடுவதே தெரியவில்லை. துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் இல்லை, சட்டம் முனகும் சத்தம் இல்லை. அவர் கை நின்றது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது போல முதுகு நிமிர்ந்தது. அப்புறம் குந்தின இடத்திலேயே முழுசாகத் திரும்பி அவளைப் பார்த்தார். நரைத்த தாடி, கண் ஓரத்துச் சுருக்கம், நெற்றியில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. படகில் வைத்து இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. சத்தத்தையே காணோமே... இருக்கியான்னு பாத்தேன்.”

“எங்க போயிடுவேன்? வலையப் பாருங்க.”

திரும்பிக்கொண்டார். பத்து முழம் வலை இழுத்திருப்பார். மறுபடியும் திரும்பிப் பார்த்தார்.